ரிஸ்க்-ஃபைவில் பில்டு விழுந்தால் எங்கே வைத்துப் பார்ப்பது: க்யூஎமுவா, கிராஸா, நிஜ மெஷினா?

பேக்கேஜ் உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக பில்டு ஆகிறது, லேப்டாப்பின் எக்ஸ்86 பிராசசரில் பச்சை, ஆர்ம்64-இலும் பச்சை, ரிஸ்க்-ஃபைவ்64 அல்லது எஸ்390எக்ஸ் அல்லது பிபிசி64எல்இ என்று வேறு ஏதோ ஒரு பிராசசர் வகையில் (ஆர்க்கிடெக்சரில்) மட்டும் சிவப்பு. அந்த மெஷின் உங்களிடம் இல்லை. கையில் இருப்பது பில்டு லாக் மட்டும்தான். இப்போது அந்தத் தவறை மறுபடி வரவழைத்துப் பார்க்க நான்கு வழி இருக்கிறது: உங்கள் மெஷினிலேயே கிராஸ் கம்பைல் செய்வது (இங்கிருந்தே அந்த ஆர்க்கிடெக்சருக்கான பைனரியை உண்டாக்குவது), வேறு பிராசசரைப் பாவனை செய்யும் க்யூஎமு மென்பொருளின் யூசர் மோடில் ஒரு கன்டெய்னரை ஓட்டுவது, க்யூஎமு சிஸ்டம் மோடில் முழு மெஷினையும் பாவனை செய்வது, எங்காவது ஒரு நிஜ மெஷினைப் பிடிப்பது.

பெரும்பாலானோர் இதை வேகத்தை வைத்துத் தேர்வு செய்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். அப்படிச் செய்து இரண்டு மூன்று வாரங்களை வீணாக்கிய பிறகு இப்போது முதலில் வேறொன்றைக் கேட்கிறேன்: இந்த இடம் எந்தத் தவறை என் கண்ணுக்குக் காட்டாமல் விட்டுவிடும், இல்லாத எந்தத் தவறைப் புதிதாக உண்டாக்கும்? நான்கு வழிக்கும் இதற்கு நான்கு வேறு பதில் இருக்கிறது.

அதற்கு முன்னால் லாக். கடைசி வரியில் இருக்கும் "மேக்: எரர் 2" எதையும் சொல்வதில்லை. இணையாகப் பல வேலை ஓடும் பில்டில் நிஜமான பிழை அதற்கு நூற்றுக்கணக்கான வரிகள் மேலே கிடக்கும், அதற்குப் பிறகும் மற்ற வேலைகள் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். மேலிருந்து முதல் எரரைத் தேடுங்கள். அது கன்ஃபிகர் கட்டத்திலா, கம்பைல் மற்றும் லிங்க் கட்டத்திலா, டெஸ்ட் கட்டத்திலா என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்தாயிற்று.

கன்ஃபிகர் கட்டத்தில் "மெஷின் ரிஸ்க்-ஃபைவ்64 நாட் ரெகக்னைஸ்டு" என்கிற வகைச் செய்தி வந்தால் எந்த மெஷினும் தேவையில்லை. மூலக் கோடு வரும் டார்பாலுக்குள், எந்த மெஷின் என்று கண்டறியும் கன்ஃபிக்.கெஸ், கன்ஃபிக்.சப் கோப்புகள் பல வருடத்துக்கு முந்தையவையாக இருக்கின்றன, அவ்வளவுதான். அவை எழுதப்பட்டபோது அந்த ஆர்க்கிடெக்சர் பிறக்கவே இல்லை. புதிய கோப்புகளைப் போட்டு ஆட்டோரீகான்ஃப் ஓட்டினால் சரியாகிவிடும். லூங்ஆர்ச்64 என்ற இன்னொரு புதிய ஆர்க்கிடெக்சரிலும் இதே கதைதான், இன்னும் அதிகமாக.

சரி, கிராஸ் கம்பைல். கம்பைல், லிங்க் கட்டத்துப் பிழைகளுக்கு இதை விடச் சிறந்தது எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். "இம்இன்ட்ரின்.ஹெச் கிடைக்கவில்லை" என்றால் யாரோ இன்டெல் எஸ்எஸ்இ கட்டளைகளைக் கேள்வி கேட்காமல் உள்ளே இழுத்திருக்கிறார்கள். "எம்64 என்ற ஆப்ஷன் தெரியாது" என்று ஜிசிசி கம்பைலர் சொன்னால் மேக்ஃபைலில் எக்ஸ்86 ஃபிளாக்கை நேராக எழுதிவைத்திருக்கிறார்கள். நேரம் அளக்க ஆர்டிடிஎஸ்சி அசெம்பிளி எழுதி, மற்ற எல்லாவற்றுக்கும் "தெரியாத ஆர்க்கிடெக்சர்" என்று ஹாஷ் எரர் போட்டிருப்பார்கள். இதெல்லாம் உங்கள் வேகமான மெஷினிலேயே, நிஜ வேகத்தில், ஓரிரு நிமிடத்தில் திரும்ப வரும்.

லிங்கர் பிழைகளில் ரிஸ்க்-ஃபைவுக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு பைட் அல்லது இரண்டு பைட் அளவு அட்டாமிக் மாறிகளுக்கு (பல திரெட் ஒரே நேரத்தில் தொட்டாலும் பிசகாதவை) அந்த ஆர்க்கிடெக்சரின் அடிப்படைத் தொகுப்பில் நேரடிக் கட்டளை இல்லை. 4 பைட்டுக்கும் 8 பைட்டுக்கும்தான் உண்டு. அதனால் பழைய ஜிசிசி, அட்டாமிக் பூல் ஒன்றைப் பார்த்தவுடன் லிப்அட்டாமிக்கில் இருக்கும் ஃபங்ஷனை அழைக்கும், யாரும் அந்த லைப்ரரியை லிங்க் செய்திருக்கமாட்டார்கள், "அட்டாமிக் கம்பேர் எக்ஸ்சேஞ்ச் 1, அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று விழும். ஜிசிசி 13-இல் இருந்து கம்பைலரே அதை உள்ளேயே விரித்து எழுதிவிடுகிறது. ஆகவே பழைய கம்பைலர் இருக்கும் டிஸ்ட்ரோவில் விழுந்து, புதியதில் விழாமல் போகலாம், அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஆனால் 32 பிட் மிப்ஸ், பழைய ஆர்ம் போன்றவற்றில் 8 பைட் அட்டாமிக்குக்கு இதே சிக்கல் இன்னும் இருக்கிறது. அதனால் லிப்அட்டாமிக் தேவையா என்று கன்ஃபிகரில் ஒரு சோதனை சேர்த்து, தேவைப்பட்டால் மட்டும் லிங்க் செய்யும் பேட்ச்தான் எல்லோருக்கும் உதவும்.

கம்பைலரே செத்தாலும், அதாவது "இன்டர்னல் கம்பைலர் எரர்" வந்தாலும், கிராஸ்தான். அதே பதிப்பு கிராஸ் கம்பைலரை நிறுவி, பிரீபிராசஸ் செய்த கோப்பை மட்டும் கொடுத்துப் பாருங்கள். திரும்ப விழுந்தால் சிவைஸ் கருவியால் அந்தக் கோப்பைச் சுருக்கிக்கொண்டே போகலாம். ஆயிரக்கணக்கான தடவை கம்பைல் செய்யும் வேலை அது, மெதுவான போர்டில் வைத்து யோசிக்கவே முடியாது. திரும்ப விழவில்லை, லாக்கில் ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் விழுகிறது என்றால் கம்பைலரைத் திட்டாதீர்கள், அந்த பில்டர் மெஷினில் மெமரி போதவில்லை அல்லது வன்பொருளே சரியில்லை.

கிராஸ் எதைக் காட்டாது? ஓடும்போது வரும் எதையும் காட்டாது. டெஸ்ட்டே ஓடாது. கூடவே அதற்கென்று சொந்தமாகச் சில தோல்விகளைக் கொண்டுவரும்: ஆட்டோகான்ஃப் ஒரு சிறு புரோகிராமைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்க நினைக்கும், முடியாது, "கிராஸ் கம்பைல் செய்யும்போது சோதனை ஓட்ட முடியாது" என்று நிற்கும். சீமேக்கின் டிரைரன்னும் அப்படியே. ஜிஆப்ஜெக்ட் இன்ட்ராஸ்பெக்ஷன் போல, பில்டு ஆன பைனரியை பில்டின் நடுவிலேயே ஓட்டும் பேக்கேஜ்களில் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டெபியனில் எஸ்பில்டுக்கு ஹோஸ்ட் ஆர்க்கிடெக்சரைக் கொடுத்தால் சார்புகளை அதுவே இரு பக்கத்துக்கும் பிரித்து நிறுவிக்கொள்ளும், எளிய சி லைப்ரரிகளுக்கு நன்றாக வேலை செய்யும். பைதான், பெர்ல் எக்ஸ்டென்ஷன்கள் என்றால் நான் கிராஸை முயன்று பார்ப்பதே இல்லை, நேராக க்யூஎமுவுக்குப் போய்விடுவேன்.

க்யூஎமு யூசர் மோடு எனக்கு ரொம்பப் பிடித்த வழி. அதனாலேயே அதைப் பற்றி எச்சரிக்கையாக எழுதவேண்டும். வேறு ஆர்க்கிடெக்சரின் பைனரியை க்யூஎமுவிடம் ஒப்படைக்கும்படி கெர்னலில் பின்எஃப்எம்டி பதிவு செய்துவிட்டு, டாக்கரில் பிளாட்ஃபார்மை லினக்ஸ்/எஸ்390எக்ஸ் என்று கொடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் அந்த ஆர்க்கிடெக்சரின் ஷெல் உங்கள் முன்னால். ஒவ்வொரு கம்பைலர் பிராசஸும் உங்கள் மெஷினின் ஒரு சாதாரண பிராசஸாகவே ஓடுவதால் உங்கள் கோர் அத்தனையும் வேலை செய்யும், மெமரியும் உங்களுடையது. மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் சிறிய போர்டை முந்திவிடுவதுண்டு.

எண்டியன் சிக்கலுக்கு, அதாவது எண்ணின் பைட்டுகள் மெமரியில் எந்த வரிசையில் இருக்கும் என்பதில் வரும் சிக்கலுக்கு, இது தங்கமான இடம். ஒருமுறை எஸ்390எக்ஸில் மட்டும் ஒரு பேக்கேஜின் டெஸ்ட், மெமரி ஒதுக்க முடியவில்லை என்று விழுந்தது. பில்டரில் ரேம் குறைவு என்று எல்லோரும் முடிவு கட்டி, பலமுறை மறுபடி பில்டுக்குக் கொடுத்துப் பார்த்தோம், பயனில்லை. யூசர் மோடில் போட்டு, க்யூஎமுவுக்குள் இருக்கும், ஜிடிபி டீபக்கருக்கான ஸ்டப்பில் வெளியிலிருந்து ஜிடிபி மல்டிஆர்க்கை இணைத்துப் பார்த்தபோது அரை மணியில் தெரிந்துவிட்டது: கட்டளை வரி ஆப்ஷனைப் படிக்கும் அட்டவணையில் வகை இன்ட் என்று போட்டிருக்கிறார்கள், 4 பைட். மதிப்பு போய் விழும் மாறியோ சைஸ்டி, 8 பைட். லிட்டில் எண்டியனில் அந்த 4 பைட் கீழ்ப் பாதியில் விழும், மேல் பாதி ஏற்கெனவே சுழி, எல்லாம் சரியாகத் தெரியும். எஸ்390எக்ஸ் பிக் எண்டியன். அங்கே அது மேல் பாதியில் விழுந்து, 8 என்று கொடுத்த எண் 34,359,738,368 ஆகிவிட்டது. அவ்வளவு மெமரியை எந்த பில்டர் கொடுக்கும்? மாறியின் வகையை மாற்றிய ஒரே வரி பேட்ச். இந்தத் தவறு எக்ஸ்86-இலும் இருந்துகொண்டேதான் இருந்தது, அங்கே வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது யூசர் மோடின் மறுபக்கம். அங்கே கெர்னல் உங்களுடையது, பாவனை செய்யப்படுவது பயனர் புரோகிராம் மட்டும். ஒரு பிராசஸை இன்னொன்று கவனிக்க உதவும் பிட்ரேஸ் கிடையாது, ஆகவே உள்ளே எஸ்ட்ரேஸ், ஜிடிபி இரண்டும் வேலை செய்யாது, பிட்ரேஸை நம்பி மெமரி கசிவைத் தேடும் லீக் சானிடைசரும் விழும். ஒரு டெஸ்ட் தன் குழந்தை பிராசஸைத் தொடங்கி, பிராக் கோப்பகத்தில் அதன் கட்டளை வரியைப் படித்துச் சரிபார்த்தால், அங்கே முதலில் க்யூஎமுவின் பெயர்தான் இருக்கும், டெஸ்ட் தோற்கும். இப்படி ஒன்றைத் துரத்திக்கொண்டு இரண்டு நாள் போய், கடைசியில் நிஜ மெஷினில் ஓட்டியபோது அந்த டெஸ்ட் எந்தக் குறையும் இல்லாமல் தேறியது. லாக்கில் இருந்த தோல்வி வேறு டெஸ்ட்! அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: அசல் லாக்கில் விழுந்த அதே டெஸ்ட், அதே செய்தியோடு யூசர் மோடில் விழுந்தால் மட்டுமே அதை நம்புவேன். புதிதாக விழும் எதையும் க்யூஎமுவின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அதைவிட மோசம், அது மறைக்கும் விஷயங்கள். ஒன்று, பேஜ் அளவு, அதாவது கெர்னல் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவு. பிபிசி64எல்இ கெர்னல்கள் பெரும்பாலும் 64 கேபி பேஜில் ஓடுகின்றன, லூங்ஆர்ச் 16 கேபியில். 4096 என்று எண்ணை நேராக எழுதிய கோடு அங்கே எம்மேப்பில் விழும், உங்கள் எக்ஸ்86 மெஷினின் யூசர் மோடில் பேஜ் 4 கேபியாகவே தெரிந்தால் சந்தோஷமாக ஓடும். இரண்டு, மெமரி வரிசை. எக்ஸ்86-இல் ஒரு திரெட் எழுதியவை இன்னொரு திரெட்டுக்கு எழுதிய வரிசையிலேயே தெரியும். ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவில் அந்த உத்தரவாதம் இல்லை, வரிசையைக் கட்டாயப்படுத்தும் பேரியர் கட்டளையைப் போடவேண்டும். பேரியர் இல்லாத கோடு பவரில் இருபது தடவையில் ஒருமுறை விழும், எக்ஸ்86 மேல் ஓடும் க்யூஎமுவில் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டினாலும் விழாமல் போகலாம், ஏனென்றால் அடியில் இருப்பது எக்ஸ்86-இன் கண்டிப்பான வரிசைதான். "க்யூஎமுவில் ஓட்டினேன், வரவில்லை, மூடிவிடலாம்" என்று யாராவது எழுதினால் தயவுசெய்து மூடவிடாதீர்கள்.

சிஸ்டம் மோடு இந்த இரண்டில் ஒன்றைத் தீர்க்கிறது. உள்ளே ஓடும் விருந்தாளிக் கெர்னலை 64 கேபி பேஜோடு ஏற்றினால் பேஜ் சிக்கல் அப்படியே வெளியே வரும். உள்ளே எஸ்ட்ரேஸ், ஜிடிபி எல்லாம் இயல்பாக ஓடும், பிராக் கோப்பகம் உண்மையைச் சொல்லும். மெமரி வரிசைச் சிக்கல் மட்டும் இங்கேயும் தெரியாது. வேகம் யூசர் மோடை விடக் குறைவு, அமைக்கவும் கொஞ்சம் வேலை, முழு டிஸ்க் இமேஜ் வேண்டும். பெரிய சி++ பேக்கேஜை இதில் முதலிலிருந்து பில்டு செய்வது பொறுமையைச் சோதிக்கும், ஆகவே யூசர் மோடில் பில்டு செய்து, அந்த பில்டு கோப்பகத்தை உள்ளே கொண்டுபோய் டெஸ்டை மட்டும் ஓட்டுங்கள்.

ஆனால் நிஜ போர்டால்கூட முடியாத ஒன்று க்யூஎமுவில் முடியும் (இரண்டு மோடிலும்தான்). ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் ரிஸ்க்-ஃபைவ் வெக்டர் கட்டளைகளுக்கு ஒரே நீளம் என்று இல்லை, சிப்புக்குச் சிப் மாறும். 128 பிட்டில் தேறும் கோடு 256-இல் விழலாம். க்யூஎமுவில் சிபியு ஆப்ஷனில் நீளத்தை மாற்றி மாற்றி ஓட்டலாம், வெக்டரே இல்லாமலும் ஓட்டலாம். உபுண்டு 25.10-இல் ரிஸ்க்-ஃபைவின் அடிப்படையை, வெக்டரையும் கட்டாயமாக்கும் ஆர்விஏ23 என்ற தொகுப்புக்கு உயர்த்திவிட்டார்கள், விஷன்ஃபைவ் 2 போன்ற போர்டுகளில் அது ஓடாது. அது வெளிவந்த சமயத்தில் அந்த டிஸ்ட்ரோவுக்காகப் பேக்கேஜ் செய்பவருக்கு க்யூஎமுதான் நடைமுறைக்கு உகந்த வழியாக இருந்தது.

நிஜ மெஷின் எதையும் மறைக்காது, அதனால் கடைசி வார்த்தை எப்போதும் அதனுடையதாக இருக்கவேண்டும். வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஜிசிசி கம்பைல் ஃபார்ம் கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு பவர், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் எனப் பல மெஷின்களில் எஸ்எஸ்எச் கணக்கு கொடுக்கிறது. டெபியன் டெவலப்பர்களுக்கு ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் போர்ட்டர்பாக்ஸ் எனப்படும் பொது மெஷின் உண்டு. எஸ்390எக்ஸுக்கு ஐபிஎம்மின் லினக்ஸ்ஒன் கம்யூனிட்டி கிளவுட், பவருக்கு ஓரிகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் சோர்ஸ் லேப் என்று கேட்டுப் பெறும் வழிகளும் இருக்கின்றன. திரெட் தொடர்பான, எப்போதாவது மட்டும் விழும் டெஸ்ட் என்றால் க்யூஎமுவைத் தொடாமல் நேராக இங்கே கணக்குக் கேளுங்கள். அனுமதி வர ஒருசில நாள் ஆனாலும் அது வீணான நாள் ஆகாது.

போர்டு வாங்குவதா என்றால், ஒரு ஆர்க்கிடெக்சரில் தொடர்ந்து வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் மட்டும். விஷன்ஃபைவ் 2-இல் நான்கு கோர், அதிகபட்சம் 8 ஜிபி ரேம், வெக்டர் கிடையாது. எல்டிஓ (லிங்க் செய்யும்போது மொத்தக் கோடையும் மேம்படுத்துவது) போட்ட பெரிய சி++ பேக்கேஜை லிங்க் செய்யும்போது மெமரி போதாமல் கெர்னல் லிங்கரைக் கொன்றுவிடும், லாக்கில் "கில்டு" என்ற ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும். இணை வேலைகளைக் குறைத்து, டீபக் தகவலின் அளவைக் குறைத்து, ஸ்வாப் சேர்த்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். வேகக் குறைவே ஒரு தோல்வியாகவும் வரும்: ஐந்து வினாடியில் பதில் வரவேண்டும் என்று எழுதிய டெஸ்ட் மெதுவான சிப்பில் விழும், டெபியன் பில்டரிலோ 150 நிமிடம் லாக்கில் எந்த வரியும் வராவிட்டால் பில்டையே நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் கோடின் தவறு ஆகாது, கால வரம்பைக் கூட்டினால் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பலர் தவறவிடும் ஐந்தாவது வழியையும் சொல்லியாகவேண்டும்: தவறை உங்கள் எக்ஸ்86 மெஷினுக்கே வரவழைப்பது. கேரக்டர் (சார்) வகை எக்ஸ்86-இல் குறியுள்ளது, ஆர்ம், பவர், எஸ்390எக்ஸ், ரிஸ்க்-ஃபைவில் குறியற்றது. கெட்சார் திருப்பித் தரும் மதிப்பை இன்ட்டில் வைக்காமல் சாரில் வைத்து, கோப்பின் முடிவு வந்துவிட்டதா என்று -1-ஓடு ஒப்பிட்டால், அங்கே அந்த வளையம் முடியவே முடியாது, பில்டு தொங்கும். ஜிசிசிக்கு அன்சைன்டு சார் ஃபிளாக்கைக் கொடுத்தால் உங்கள் லேப்டாப்பிலேயே அதே தொங்கல் வரும். மிதவை எண்களின் கடைசி இலக்கம் மாறி டெஸ்ட் விழுகிறதா? பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்க்கும் எஃப்எம்ஏ அந்த ஆர்க்கிடெக்சர்களின் வழக்கமான அடிப்படையிலேயே இருக்கிறது, 64 பிட் எக்ஸ்86-இன் அடிப்படையில் இல்லை. ஜிசிசி இயல்பாகவே இரண்டையும் சேர்த்துவிடும், நடுவில் ரவுண்டிங் ஒரு தடவை குறையும். எக்ஸ்86-இல் எஃப்எம்ஏ ஃபிளாக்கைப் போட்டு அதே டெஸ்ட் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் காரணம் உறுதி. திரெட் சிக்கலுக்கு திரெட் சானிடைசர், எல்லை மீறிய மாற்றங்களுக்கு, வரையறையற்ற நடத்தையைப் பிடிக்கும் யுபிசான். மிதவை எண்ணை இன்ட்டாக மாற்றும்போது எல்லை தாண்டினால் எக்ஸ்86 ஒரு மதிப்பும் ரிஸ்க்-ஃபைவ் வேறொரு மதிப்பும் கொடுக்கும், சி மொழியைப் பொறுத்தவரை இரண்டுமே சரி, தவறு கோடில். (NaN என்ற 'எண் அல்லாத' மதிப்புக்குள் ரகசியமாகத் தகவல் வைக்கும் புரோகிராம்கள் மட்டும் இதில் அகப்படாது. ஆர் மொழியில் விடுபட்ட தரவைக் குறிக்கும் என்ஏ அப்படிப்பட்டது. ரிஸ்க்-ஃபைவில் ஒரு கூட்டல் செய்தாலே அந்த உள்தகவல் போய்விடும். அதற்கு க்யூஎமுவோ மெஷினோ வேண்டும்.)

ஆகவே என் வரிசை இப்படி: டெஸ்ட் விழுந்தால் முதலில் வீட்டிலேயே ஃபிளாக்குகளும் சானிடைசரும், அப்புறம் யூசர் மோடு, பேஜ் அளவோ பிட்ரேஸோ சம்பந்தப்பட்டால் சிஸ்டம் மோடு, திரெட் என்றால் நேராக மெஷின். கம்பைல், லிங்க் என்றால் கிராஸோடு முடிந்தது.

கண்டுபிடித்த பிறகும் ஒரு தேர்வு இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் ஆப்டிமைசேஷனை ஓ2-இலிருந்து ஓ1-க்கு இறக்கிவிட்டு "கம்பைலர் பக்" என்று எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது கம்பைலர் பக் இல்லை, கோடில் இருக்கும் வரையறையற்ற நடத்தை, அடுத்த ஜிசிசி வந்ததும் எக்ஸ்86-இலேயே வெடிக்கும். எல்லா டெஸ்டையும் அணைப்பது இன்னும் மோசம், எஸ்390எக்ஸில் அந்த பேக்கேஜை நம்பி ஒரு தரவுத்தளத்தை ஓட்டுபவருக்கு உடைந்த பைனரியைக் கையில் கொடுக்கிறோம், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஒரே ஒரு டெஸ்டை, ஒரே ஒரு ஆர்க்கிடெக்சரில், பக் எண்ணோடு தவிர்ப்பது வேறு விஷயம், காரணம் தெரிந்த பிறகு அதில் எனக்கு மனத்தடை இல்லை.

ஆர்க்கிடெக்சரையே பட்டியலிலிருந்து நீக்குவது சில சமயம் சரியான முடிவுதான். லூஆ மொழியை வேகமாக ஓட்டும் லூஆஜிட்டின் அதிகாரபூர்வக் கோடில் ரிஸ்க்-ஃபைவும் எஸ்390எக்ஸும் இல்லை, அதைக் கட்டாயமாகக் கேட்கும் புரோகிராமை அங்கே பில்டு செய்ய முயன்று பயனில்லை, சாதாரண லூஆவுக்கு மாற முடியுமா என்று அப்ஸ்ட்ரீமிடம், அதாவது அந்தப் புரோகிராமை எழுதுபவர்களிடம், கேட்கலாம். ஆனால் நீக்குவதற்கு முன் அந்த பேக்கேஜை நம்பி எத்தனை பேக்கேஜ்கள் இருக்கின்றன என்று பாருங்கள். டெபியன் 13-இல் ரிஸ்க்-ஃபைவ்64 முதன்முறையாக அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சராக வந்தது, 2025 ஆகஸ்டில். அங்கே ஒரு லைப்ரரியை நீக்கினால் அதன் மேல் நிற்கும் எல்லாம் கூடவே போய்விடும். நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பக் அறிக்கையில் முதல் எரர் வரி, கம்பைலர் பதிப்பு, எந்த இடத்தில் வைத்துப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் விழவில்லை என்பதை எழுதிவையுங்கள். "க்யூஎமு யூசர் மோடில் விழவில்லை, பவர் மெஷினில் 20-க்கு 1 விழுகிறது" என்ற ஒரே வரி இருந்தால், அடுத்து வருபவர் பேரியரைத் தேடுவதிலிருந்தே தொடங்கலாம்.